பரா அண்ணை கேட்டு வாங்கிய ஒரு புள்ளி

ஞாயிற்றுக்கிழமைகளில் பரா அண்ணையின் வான் காலை ஏழு மணிக்குச் சற்று முன்னதாக என் வீட்டு வாசலில் வந்து நிற்கும். அவர் ஹார்ன் அடிப்பதில்லை. இரவு பதினொன்றரைக்கும் காலை ஏழுக்கும் இடையில் குடியிருப்புத் தெருவில் ஹார்ன் அடிப்பது இந்நாட்டில் விதிமீறல் என்று, பழகிய புதிதில் ஒருமுறை அவரிடம் சொல்லியிருந்தேன். அன்றிலிருந்து முன்விளக்கை இரண்டு தரம் சிமிட்டுவார். என் சமையலறைத் திரைச்சீலை வெளிக்கும். நான் தேநீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு இறங்குவேன்.

அந்த ஞாயிறு திரைச்சீலை இருட்டாகவே இருந்தது. ஏழு மணி கடந்தது. தாமதம் அவருடைய வழக்கம் அல்ல என்பதால் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். அப்போது அவருடைய மனைவி இந்திராணி அக்காவின் தொலைபேசி அழைப்பு வந்தது.

"தம்பி, அண்ணை எழும்பேல்லை," என்றார். பிறகு, "வானுக்குள்ளை பைக்கை ஏத்திக் கட்டிப்போட்டுத்தான் படுத்தவர்," என்றார். இரண்டாவதைச் சொல்லும்போதுதான் அவருடைய குரல் உடைந்தது.

நித்திரையில் இதயம் நின்றிருக்கிறது. மறுநாளுக்கான ஆயத்தம் முழுவதையும் முடித்துவிட்டு உறங்கப் போன ஒருவரைப் பற்றித் துயரத்தோடு மட்டும் எழுதுவது பொருத்தமில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த முப்பத்தோராம் நாள் நினைவு மலரை வாசிக்கும் உங்களில் பலருக்கு அவர் லண்டன் வெம்பிளியில் 'டைல்ஸ் கடைப் பரா'. அவருடைய ஞாயிற்றுக்கிழமைகள் உங்களில் சிலருக்கே தெரியும். ஆகவே அந்த விளையாட்டை முதலில் விளக்குவது என் கடமை. அதன் பெயர் ட்ரயல்ஸ். மோட்டார் சைக்கிளில் ஆடுவது. ஆனால் ஓட்டப்பந்தயம் அல்ல. மரவேரும் பாறையும் சேறும் உள்ள நிலத்தில் இருபுறமும் நாடா கட்டி ஒரு குறுகிய வழி அமைப்பார்கள். அதைச் செக்‌ஷன் என்பார்கள். இருக்கையே இல்லாத பைக்கில் நின்றபடி, கால் நிலத்தில் படாமல் அதைக் கடக்க வேண்டும். ஒருமுறை கால் ஊன்றினால் ஒரு புள்ளி. இருமுறைக்கு இரண்டு. அதற்கு மேல் எத்தனை முறை ஊன்றினாலும் மூன்று. விழுந்தாலோ, நின்றுபோனாலோ, நாடாவுக்கு வெளியே போனாலோ ஐந்து. இவையெல்லாம் தண்டனைப் புள்ளிகள். நாள் முடிவில் மிகக் குறைவாக வைத்திருப்பவரே வெல்வார். ஒவ்வொரு செக்‌ஷனிலும் ஒரு நடுவர் நின்று ஓட்டுநரின் கால்களையே பார்த்துக்கொண்டிருப்பார். முடிவில் விரல்களை உயர்த்திப் புள்ளியைக் காட்டுவார். மூடிய கைமுட்டி என்றால் பூச்சியம். பரா அண்ணையின் வானில் ஏறிப் போய்ப் பல ஆண்டுகளாக அந்த வேலையைச் செய்து வருபவன் நான்.

கிங்ஸ்பரியில் ஒரு கலியாண வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உறவினர் ஒருவர் அவரிடம் கேட்டார்: "பரா, உம்மடை பைக் என்ன ஸ்பீட் போகும்?"

"நடக்கிற ஆள் முந்திப் போயிடுவார்."

"அப்ப என்னத்துக்குப் பைக்? நடக்கலாமே!"

"நடந்தாக் கால் நிலத்திலை படுமெல்லோ!"

மேசை முழுவதும் சிரித்தது. அவர் சொன்னது விளையாட்டின் முழு விதியும்தான் என்பது எனக்கு மட்டும் தெரிந்திருந்தது.

லண்டனின் வடமேற்கு விளிம்பைத் தாண்டி, ஒரு பண்ணை வீட்டுக்குத் தளக்கல் இறக்கப் போனபோதுதான் அவர் இதை முதலில் கண்டாராம். பக்கத்துப் பழைய சரளைக்கற் குழியில் சிலர் மிக மெதுவாக மோட்டார் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஏதோ தொலைத்துவிட்டுத் தேடுகிறார்கள் என்று நினைத்து உதவிக்குப் போயிருக்கிறார். "மெதுவாய் ஓடினால் வெல்லலாம் எண்டு சொன்னாங்கள். எனக்கெண்டே கண்டுபிடிச்ச விளையாட்டு," என்பார்.

என்னை அழைத்துப் போனது, கழகத்துக்கு நடுவர்கள் போதாமல் இருந்த ஒரு பருவத்தில். நான் அவருக்கு அடுத்த தெரு. கேட்ட மாத்திரத்தில், "விதிப்புத்தகம் இருக்கிறதா?" என்றேன். "இந்தா, ஆள் அம்பிட்டிட்டுது," என்றார் அக்காவைப் பார்த்து.

நான் நின்ற முதல் செக்‌ஷனில் முதல் ஐந்து புள்ளி அவருக்கே விழுந்தது. ஒரு வேருக்கு முன்னால் அவருடைய பைக் நின்றுவிட்டது. நான் ஐந்து விரலையும் உயர்த்தினேன்.

"நிக்கேல்லை ஐசே! அது யோசிச்சது!"

"யோசிச்சாலும் அஞ்சுதான், அண்ணை."

"உம்மை வானிலை ஏத்திக்கொண்டு வந்தது ஆர்?"

"அது விதியிலை இல்லை."

அவர் சிரித்த சிரிப்பில் கைப்பிடி நழுவிப் பைக் சரிந்தது. பிறகு, தான் கொண்டுவந்த ஆளே தனக்கு ஐந்து போட்டுவிட்டான் என்று மைதானம் முழுவதும் பெருமையோடு சொல்லித் திரிந்தார். அன்றே எனக்கு 'நீதவான்' என்று பெயர் வைத்தார். கழகத்தில் செக்‌ஷன்களை அமைப்பவர் கோலின் என்ற ஆங்கிலேயர். அவருக்கும் அந்தச் சொல்லைக் கற்பித்துக் கொடுத்தார். இன்று அங்கே என் உண்மைப் பெயர் எவருக்கும் தெரியாது.

நான் ஒருநாளும் ஓட்டியவன் அல்லன். ஆயினும் நல்ல ஓட்டம் எது என்பதை அவரைப் பார்த்துக் கற்றேன். டயரில் காற்றை மிகக் குறைத்து வைப்பார். கட்டைவிரலால் அமுக்கினால் உள்ளே போகும். அப்போதுதான் அது வேரையும் கல்லையும் கவ்வும். கிளச்சுக்கு ஒரு விரல், முன்பிரேக்குக்கு ஒரு விரல். "மற்ற விரலெல்லாம் பிடிச்சுக்கொண்டிருக்கத்தான்," என்பார். விழுந்து கிடக்கும் மரத்தை ஏறும்போது முழங்காலை மடித்து உடலைப் பின்னுக்குக் கொண்டுபோய் முன்சக்கரத்தைத் தூக்குவார். அது மரத்தின் மேல் ஏறிய கணத்தில் பாரத்தை முன்னுக்கு எடுப்பார். பின்சக்கரம் தானாக வந்து சேரும். புதியவர்கள் தடுமாறும்போது அவர் சொல்வது ஒன்றே: "முன்சில்லு போயிட்டுது, அதை விடும். பின்சில்லு எங்கை வரப்போகுது எண்டு பாரும்." ஓடுவதற்கு முன் செக்‌ஷனை நடந்து பார்ப்பது எல்லோருக்கும் வழக்கம். எல்லோரும் நுழைவாயிலிலிருந்து நடப்பார்கள். அவர் முடிவிலிருந்து தொடக்கத்துக்கு நடப்பார். வெளியே வரும் இடம் தெரியாமல் உள்ளே போவது மரியாதை இல்லை என்பது அவர் கொள்கை.

சில ஆண்டுகளுக்கு முன் கடையில் ஏணியிலிருந்து விழுந்து இடது தொடை எலும்பை முறித்துக்கொண்டார். உள்ளே உலோகத் தண்டு வைத்தார்கள். நீண்ட காலம் கட்டிலிலும், பிறகு ஊன்றுபொல்லோடும் கழிந்தது. எலும்பு நன்றாகப் பொருந்திவிட்டது, முழுப் பாரத்தையும் தாங்கும் என்று மருத்துவர் உறுதியாகச் சொன்ன பிறகும் அவர் பொல்லை விடவில்லை. நான் மருத்துவரின் வார்த்தையை எடுத்துச் சொன்னபோது, "டொக்டர் காலைத்தானே பாத்தவர், என்னையோ பாத்தவர்?" என்று கேட்டார்.

அப்படியிருந்தும் விளையாட்டுக்குத் திரும்பி வந்தார். கியர் இடது காலில்தான் இருக்கிறது. ஆனால் செக்‌ஷனுக்குள் நுழைந்த பின் கியர் மாற்றுவது அரிது. பைக் அருகே வரும்வரை பொல்லோடு வருவார். ஏறி நின்றதும் பழைய பரா அண்ணைதான். ஒன்று மட்டும் மாறியிருந்தது. தடுமாறும் போதெல்லாம் பைக்கை வலப்பக்கம் சாய்த்து வலது காலையே ஊன்றினார். அந்தக் குளிர்காலத்தில் ஒருநாள் வானில் சாமான் ஏற்றும்போது அவருடைய சப்பாத்துகளைப் பார்த்தேன். வலது சப்பாத்தின் அடி வழுவழுவென்று தேய்ந்திருந்தது. இடது, கடையில் வாங்கிய அன்று போலவே இருந்தது.

நிலம் இடப்பக்கமாகச் சரியும் செக்‌ஷன்களில் அவர் நுழைவதே இல்லை. வாசலில் நின்று, "நீதவான், அஞ்சைப் போடும், நான் வரேல்லை," என்று விட்டுப் போய்விடுவார். விதி அதை அனுமதிக்கிறது. நானும் போட்டேன். ஆனால் அது அவரை அரித்துக்கொண்டிருந்தது. ஒருநாள் திரும்பி வரும் வழியில், "மாசி முடியப் பைக்கைக் கோலினுக்குக் குடுக்கப் போறன். அரைவாசி நிலத்திலை விளையாடுறது விளையாட்டில்லை," என்றார்.

அடுத்த வாரம் நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது அக்கா தேநீரை வைத்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்: "பைக் போனால் பொல்லுதான் தம்பி இனி அவருக்கு. இப்பவே அதை விடாத மனுசன், பிறகு கீழை வைக்கவேமாட்டார்."

பருவத்தின் கடைசிப் போட்டி மாசிக் குளிரில் வந்தது. எனக்குக் கிடைத்த செக்‌ஷன் ஓர் ஓக் மரத்தடியில், ஈரக் களிமண் சரிவில் இருந்தது. சரிவு முழுவதும் இடப்பக்கம். இரண்டு பேர் ஓடி முடித்த பிறகு பரா அண்ணை வந்து சேர்ந்தார். அவரைக் கண்டபோதுதான் கோலினுக்குத் தான் அமைத்தது உறைத்தது. என்னை ஒருபுறம் அழைத்து, நாடாவைச் சரிவில் ஓரடி மேலே தள்ளிக் கட்டினால் பரா ஓடலாம் அல்லவா என்று ஆங்கிலத்தில் மெல்லக் கேட்டார். நல்ல மனிதர். ஆனால் முதல் ஓட்டுநர் நுழைந்த பிறகு நாடாவைத் தொடக்கூடாது என்பது விதி. முடியாது என்று சொன்னேன். சொல்வது எனக்கு எளிதாக இருக்கவில்லை.

பரா அண்ணை எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார்.

"என்னவாம்?"

"நாடாவை மாத்தட்டோ எண்டு கேக்கிறார்."

"நீர் என்ன சொன்னீர்?"

"ஏலாது எண்டன்."

"பின்னை? மாத்தியிருந்தால் உம்மை இனி வானிலை ஏத்தியிருக்க மாட்டன்."

வழக்கம்போல ஐந்தைப் போடச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. பொல்லை ஊன்றிக்கொண்டு செக்‌ஷனின் முடிவுக்குப் போய் அங்கிருந்து பின்னோக்கி நடந்து வந்தார். பெரிய வேர் ஒன்றின் அருகே நின்றார். அதன் இடப்புறம், சரிவின் கீழே, பொல்லைக் குத்திப் பார்த்தார். அது சேற்றில் புதைந்தது. சற்றுத் தள்ளிக் குத்தினார், அங்கே நின்றது. அதன் மேல் தன் பாரம் முழுவதையும் சாய்த்து நின்றார். களைப்பாறுகிறார் என்றே எண்ணினேன். பிறகு வந்து பொல்லை என் கையில் தந்தார். "இதைப் பிடியும்."

மெதுவாக நுழைந்தார். முன்சக்கரம் வேரின் மேல் சுத்தமாக ஏறியது. பின்சக்கரம் அதே வேரில் வழுக்கியது. பைக் இடப்பக்கம் சாய்ந்தது. கால்களைப் பார்ப்பதுதான் என் வேலை என்பதால் அதன் பிறகு நடந்ததை நான் தவறவிடவில்லை. இடது கால் மிதியிலிருந்து எழுந்து, பொல்லு குத்திய அதே இடத்தில் இறங்கியது. பைக்கும் ஆளுமாக அத்தனை பாரமும் ஒரு கணம் அந்தக் காலின் மேல் நின்றன.

கால் மடங்கவில்லை.

அவர் நிலத்தை உதைத்தார். ஒரு விரலால் கிளச்சை விட்டார். இயந்திரம் உறுமிப் பின்சக்கரம் வேரைக் கவ்வி ஏறியது. நாடாவின் முடிவைக் கடந்ததும் தலையைத் திருப்பிக் கத்தினார்: "ஒண்டு! நீதவான், ஒண்டு போடும்! ஒண்டு!"

கோலின் இரக்கத்தோடு, கால் பட்டது தன் கண்ணில் படவேயில்லை என்றும், பூச்சியம் கொடுத்தால் என்ன என்றும் கேட்டார். பரா அண்ணை ஒற்றை விரலை உயர்த்தி அவர் முகத்துக்கு நேரே ஆட்டினார். என் விரல் அதற்கு முன்பே உயர்ந்திருந்தது. புள்ளியைக் குறைக்கச் சொல்லி என்னோடு வாதாடியவர்கள் பலர். போடு என்று கேட்டு வாங்கியவர் அவர் ஒருவரே. எல்லோரும் சக்கரத்துக்கு இடம் பார்த்த நிலத்தில் அவர் காலுக்கு இடம் பார்த்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பைக்கைச் சாய்த்து வைத்துவிட்டுச் சேற்றினூடாக என்னிடம் நடந்து வந்தார். பொல்லை நீட்டினேன். அதை ஒருமுறை பார்த்தார்.

"நீரே வைச்சிரும். நீர்தான் நாள் முழுக்கச் சேத்துக்கை நிக்கிறனீர்."

அன்று வீட்டில் கதையைக் கேட்ட அக்கா, "ஒண்டெண்டால் நட்டமெல்லோ?" என்றார். "ஓம், நட்டம்தான்," என்று சொல்லிவிட்டு அண்ணை இரண்டாம் தரம் சோறு போட்டுக்கொண்டார்.

பைக்கைக் கோலினுக்குக் கொடுக்கவில்லை. அதன் பின் ஓடிய பருவங்களில் இடது சப்பாத்தின் அடியும் நன்றாகவே தேய்ந்தது. இரண்டு காலும் வேலை செய்யத் தொடங்கியதால் அவருடைய தண்டனைப் புள்ளிகள் ஏறிக்கொண்டே போயின. "ஒரு காலோடை ஓடேக்கை நல்லா ஓடினன் ஐசே. இப்ப சும்மா சும்மா ஊண்டிறன்," என்று ஒவ்வொரு ஞாயிறும் முறையிடுவார். அவ்வளவு மகிழ்ச்சியோடு முறையிட்ட மனிதரை நான் கண்டதில்லை.

இப்போது என்னை ஏற்றிச் செல்வது கோலின். ஏழு மணிக்குப் பிறகே வருகிறார், ஹார்ன் அடிக்கிறார். அது விதிக்கு உட்பட்டதே. ஆயினும் ஏழுக்கு முன் என் கண் திரைச்சீலைக்குப் போகிறது.

பரா அண்ணையிடமிருந்து நான் வைத்திருப்பவை பெரியவை அல்ல. எங்கு போவதாக இருந்தாலும் வெளியே வரும் இடத்தை முதலில் பார்த்துவிடும் பழக்கம் ஒன்று. ஒருவர் கால் ஊன்றும்போது புள்ளியைக் காட்டுவதற்கு முன், அந்தக் கால் எந்த இடத்தைத் தேர்ந்தது என்று கவனிக்கும் பழக்கம் இன்னொன்று. மற்றது அந்தப் பொல்லு. பிறர் பொருளை உரியவரிடம் சேர்க்க வேண்டும் என்பது என் இயல்பு என்பதால், இறுதிச்சடங்கு முடிந்த மறுநாள் அதைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனேன்.

"இதை ஏன் கொண்டந்தனீங்கள்?" என்றார் அக்கா. "அண்ணை திருப்பிக் கேட்டவரோ?"

"இல்லை."

"அப்ப வைச்சிருங்கோ."

உண்மைதான். அந்த மாசியிலிருந்து கடைசி ஞாயிறு வரை அவர் அதைத் திருப்பிக் கேட்கவே இல்லை.