மாமாவின் குறட்டை

மாமாவின் முழங்கால் மடிந்த அந்தக் கணம் இன்னும் என் வயிற்றில் இருக்கிறது. உவமை இல்லை, அவர் சாய்ந்ததே என் தொப்பையின் மேல்தான். அந்தத் தொப்பை உருப்படியாக ஒருவருக்குப் பயன்பட்ட ஒரே நாள் அன்றுதான். அக்காவின் கணவர் அவர். பிறை என்ற ஊரிலுள்ள தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிப்போகும் பஸ்ஸை ஓட்டியவர். பக்கவாதத்தில் இடதுபக்கம் செயலிழந்தபின், மருத்துவமனையில் இரண்டு கம்பிகளுக்கு நடுவே மறுபடி நடக்கப் பழகிக்கொண்டிருந்தார். அடி எடுத்து வைக்கும்போதே கண் செருகிவிட்டது.

பயிற்சி கொடுக்கும் பெண்ணுக்கு முகம் இறுகிப்போனது. "ராத்திரி தூங்குறாரா இல்லையா? தூக்கம் இல்லாம உடம்பு எப்படி பழகும்? இன்னொரு தடவை விழுந்தா நடக்க விட மாட்டேன். வீல்சேர்தான்."

"நல்லா தூங்குறார்லா மிஸ். குறட்டை பக்கத்து வீட்டுக்கே கேக்குது," என்றாள் அக்கா. எங்கள் குடும்பத்தில் தூக்கத்தை அளக்கக் குறட்டையை விட்டால் வேறு கருவி கிடையாது. நானும் பெரிய நிபுணன்போலத் தலையாட்டினேன்.

அன்று மதியம் ஜெலுத்தோங்கில் இருக்கும் அவர்கள் வீட்டில் மாமாவுக்கு என்னைக் காவல் வைத்துவிட்டு அக்கா காய் வாங்கப் பசாருக்குப் போனாள். மாமா குறட்டை விட்டார். பஸ்ஸை நிறுத்தி எஞ்சினை மட்டும் ஓடவிட்டதுபோல, ஏற்ற இறக்கமே இல்லாத குறட்டை. எனக்குச் சந்தேகம் வந்தது. காதருகே குனிந்து, "கல்யாணத்தன்னிக்கு கோயில் வாசல் வாழமரத்த பஸ்ஸ விட்டு இடிச்சது நீங்கதான்னு அக்காகிட்ட சொல்லிரவா மாமா?" என்றேன்.

குறட்டை நின்றது. வாயின் வலது ஓரம் மட்டும் சிரித்தது.

"அவகிட்ட சொல்லாத மச்சான்," என்றார் குழறலாக. வாழைமரத்தைச் சொல்லவில்லை என்பது அடுத்த வாக்கியத்தில் புரிந்தது. "அன்னிக்கு ராத்திரி படுக்கும்போது ரெண்டு கையோட படுத்தேன். எந்திரிச்சா ஒண்ணுதான். இன்னொருக்கா தூங்கி மத்ததும் போயிருச்சுன்னா? அவளாவது தூங்கட்டும்னுதான் இந்தச் சத்தம்."

எதற்கும் ஒரு நக்கலைத் தயாராக வைத்திருப்பவன் நான். அன்று அவர் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன்.

வாசலில் பை வைக்கும் சத்தம் கேட்டது. அக்கா நின்றுகொண்டிருந்தாள். "நான் எங்க தூங்கினேன்," என்றாள். "உங்க குறட்டை நின்னா மூச்சும் நின்னுருச்சோன்னு கேட்டுக்கிட்டேதானே படுத்திருக்கேன்."

கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவருடைய இடது கையை மடியில் எடுத்துவைத்துக்கொண்டாள். "நாங்க ரெண்டு பேரும் முழிச்சிருக்கோம். தூங்குங்க." அவருடைய வலது கையை என்னிடம் ஒப்படைத்தாள்.

மாமா தூங்கினார், சத்தமே இல்லாமல். நிஜத் தூக்கம் அத்தனை அமைதியாக இருக்கும் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. அக்கா இரண்டு முறை அவர் மூக்கருகே விரலைக் கொண்டுபோனாள். இரண்டு முறையும் நான் தடுத்தேன். பிறகு நானே அவர் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன். அவர் கையைப் பிடித்திருந்த என் கை மரத்துப்போயிற்று, எடுக்கத் துணிவில்லை. வெளிச்சம் மங்கும் நேரத்தில் என் உள்ளங்கைக்குள் அவருடைய ஐந்து விரல்களும் மெல்ல மடங்கின.

"இருக்கு," என்றார்.

அடுத்த பயிற்சியில் மூவரும் உண்மையைச் சொன்னோம். இந்தப் பயத்துக்கும் வைத்தியம் உண்டு என்று பயிற்சி கொடுக்கும் பெண் மாமாவை ஒரு டாக்டரிடம் அனுப்பினார். இப்போது கைத்தடியோடு கீழே காப்பிக்கடைவரை மாமா தானே நடந்து போகிறார். ஆனாலும் தினமும் கண் விழித்ததும் வலது விரல்களை ஒருமுறை மடக்கிப் பார்த்த பிறகுதான் எழுந்திருக்கிறார். அதை வீட்டில் யாரும் கேலி செய்வதில்லை. நான்கூட.