அண்டர்சைன்ட் என்பவர் யார்?

தலைநகரில் மத்திய அரசு அலுவலகத்தில் சேர்ந்த முதல் நாளே சொல்லிவிட்டார்கள்: மெமோவில் 'நான்' கிடையாது. கையெழுத்துப் போடும் அதிகாரி தன்னை 'அண்டர்சைன்ட்' என்றுதான் சொல்லிக்கொள்வார். இந்திப் பிரதியில் அவரே 'அதோஹஸ்தாக்ஷரி'. அதோ என்றால் கீழே. ஹஸ்தம் கை, அக்ஷரம் எழுத்து. நம்ம கையெழுத்தேதான், சமஸ்கிருதத்தில். தமிழில் சொன்னால் 'கீழே கையொப்பமிட்டிருப்பவர்'. முப்பது வருஷம் இந்த ஆசாமியை மெமோ மெமோவாக அடித்துத் தள்ளிய நான், அவர் யார் என்று யோசித்ததே இல்லை.

யோசிக்க வைத்தவள் செல்வி. ஜனக்புரிப் பெண், அப்பா ராணுவத்தில் இருந்தவர். ஸ்டெனோ வேலைக்குத் தேர்வாகியிருந்தாள். 'திங்கட்கிழமை பத்து மணிக்கு அசல் சான்றிதழ்களுடன் அண்டர்சைன்ட் முன் ஆஜராகவும். தவறினால் தேர்வு ரத்து' என்று அவளுக்கு மெமோ போனது. வரைவு என்னுடையது. பழைய மெமோவில் பெயரை மட்டும் மாற்றியிருந்தேன். எங்கள் அண்டர் செக்ரட்டரி அன்று லீவு. அவருக்குப் பதிலாக லோதி ரோடு கட்டடத்தில் இருக்கும் லிங்க் ஆபீசர் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்.

திங்கட்கிழமை அவள் வரவில்லை. மறுநாள் காலை செக்‌ஷன் ஆபீசர் சர்மாஜி, "மேடம், கேன்சல் பண்ணி ட்ராஃப்ட் போடுங்க, ஜல்தி" என்றார். பாதி அடித்திருப்பேன், செல்வி வந்து நின்றாள்.

"நேத்தே வந்தேன் மேடம், லோதி ரோடுல. நீச்சே, கீழ யாரு சைன் பண்ணிருக்காங்களோ அவங்கதானே அண்டர்சைன்ட்? பேருக்குக் கீழ இருந்த நம்பருக்கு போன் போட்டேன், ரூம் சொன்னாங்க. சாயங்காலம் வரைக்கும் உக்கார வெச்சிட்டு, இது எங்க கேஸ் இல்லன்னு அனுப்பிட்டாங்க. எனக்கு ஏஜ் லிமிட் தாண்டிருச்சு மேடம். இது போச்சுன்னா வேற சான்ஸ் இல்ல."

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மெமோவில் எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே செய்தவள் அவள் ஒருத்திதான்.

சர்மாஜி மசியவில்லை. "போனதுக்கு ப்ரூஃப் இருக்கா?"

அவள் மொபைலை நீட்டினாள். விசிட்டர் பாஸின் போட்டோ. பார்க்கப்போன அதிகாரி அந்தச் சீட்டில் கையெழுத்துப் போட்டால்தான் கேட்டில் வெளியே விடுவார்கள். "சைன் வாங்கின பேப்பர காப்பி எடுக்காம யார்ட்டயும் குடுக்காதன்னு அப்பா சொல்லிருக்காங்க" என்றாள். சீட்டின் அடியில் திங்கட்கிழமைத் தேதி, ஐந்தரை மணி, அதே லிங்க் ஆபீசரின் கையெழுத்து. நிமிர்ந்துகூடப் பார்க்காமல் போட்டிருப்பார்.

"அச்சா" என்று இழுத்தார் சர்மாஜி. பிறகு என் பக்கம் குனிந்து, "தபால்ல குளறுபடின்னு நோட் போட்டுடுங்க. ரிட்டையர் ஆகிற நேரத்துல உங்களுக்கு எதுக்கு வம்பு?" என்றார். நல்ல மனுஷர்தான். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அப்படி எழுதினால் அவள் திங்கட்கிழமை ஆஜராகாதவளாகவே ஆகிவிடுவாள்.

எழுதினேன்: 'தேர்வானவர் சரியாகவே ஆஜரானார். எந்த அறைக்கு வர வேண்டும் என்று வரைவில் குறிப்பிடாதது அண்டர்சைன்டின் தவறு.' கீழே என் கையெழுத்து. அந்த வார்த்தையில் என்னையே உட்கார வைத்தது அதுதான் முதல் தடவை.

லீவு முடிந்து வந்திருந்த அண்டர் செக்ரட்டரி படித்துவிட்டுச் சிரித்தார். "தப்பு என்னோடதுன்னு சொல்ற அண்டர்சைன்டை இப்பதான் பாக்கறேன். அந்தப் பொண்ணோட சர்ட்டிபிகேட்டை இன்னிக்கே பாத்துடுங்க" என்றார்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அந்த வார்த்தையை எழுதும்போது பக்கத்திலேயே பெயரும் அறையும் எழுதுங்கள். படிக்கிறவர் உங்களை நம்பித்தான் பஸ் ஏறுகிறார்.

இரண்டு வருஷம் கழித்து நான் ஓய்வுபெற்ற நாளில், என்னை விடுவிக்கும் மெமோவை அடித்தவள் செல்வி. 'பொறுப்புகளை அண்டர்சைன்டிடம் ஒப்படைக்கவும்' என்று இருந்தது. அதையடுத்து அவர் பெயர், அறை எண், இரண்டாம் மாடி, லிஃப்டுக்கு இடது பக்கம். அண்டர்சைன்ட் எனக்குப் பத்தடி தள்ளி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.