சமநிலை கேட்ட காரணம்

சவரிமுத்து சார் இறந்துவிட்டார் என்று பாடசாலை வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது நான் நம்பவில்லை. "நான் செத்துட்டேன்னு யாராவது சொன்னா, எதுக்குச் சொல்றான்னு முதல்ல பாருங்க" என்று எங்களிடம் சொல்லிவைத்திருந்தவர் அவர். அவருடைய மனைவி ஸ்டெல்லா அக்காவிடமே கேட்ட பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

பூண்டுலோயாவில் எங்கள் பாடசாலை அலுவலகத்தின் எழுதுவினைஞர் அவர். எங்கள் தோட்ட லயத்தின் முதல் பட்டதாரியான நான் அங்கு ஆசிரியையாகச் சேர்ந்த வாரம், அதிபர் எல்லோருக்கும் கேக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு ஓரமாக நின்ற என்னிடம் சார் வந்தார். "கேக் எதுக்கு மிஸ்? சனிக்கிழமை வரச் சொல்லப் போறாங்க." நான் கேக்கைத் தின்று முடிப்பதற்குள், பாடசாலையைத் துப்புரவாக்க சனிக்கிழமை சிரமதானம் என்று அறிவித்தல் வந்துவிட்டது.

இளவயதில் அவர் பெரிய சதுரங்க வீரர். தேயிலைத் தோட்டத்திலிருந்து போய் மாகாணம் முழுவதையும் வென்றவர். கொழும்பில் அகில இலங்கை இளையோர் போட்டி. கடைசி ஆட்டம் சமநிலையில் முடிந்தாலே அவருக்குப் பட்டம். எதிரே இருந்த ஹட்டன் பையனோ வென்றாக வேண்டும். ஆனால், பாதி ஆட்டத்தில் அந்தப் பையனே சமநிலை கேட்டிருக்கிறான்.

"ஜெயிச்சாத்தான் அவனுக்குக் கப்பு. பொறகு எதுக்கு ட்ரோ கேக்குறான்? எதையோ பாத்துட்டான்னு நெனச்சேன் மிஸ்." அவர் மறுத்துவிட்டார். இல்லாத பொறியைத் தேடித் தேடி நேரம் போய், அவசரத்தில் ஆடித் தோற்றார். அதற்குப் பிறகு எந்தப் போட்டிக்கும் போகவில்லை. "தோத்ததுக்காக இல்ல. அவன் என்னத்தப் பாத்தான்னு தெரியாம அடுத்த ஆட்டம் எப்பிடி ஆடுறது?" என்பார். அலுவலக அலுமாரியின் மேல் ஒரு சதுரங்கப் பலகையில், அவன் சமநிலை கேட்டபோது காய்கள் நின்ற நிலை அப்படியே இருக்கும். தூசு தட்டக்கூட யாரையும் விடமாட்டார்.

ஆசிரியர் அறையில் கேலி செய்வார்கள். "ட்ரோ கேட்டதுக்குச் சாட்சி யாருங்க? தோத்தவரு சொல்ற கதைதானே!" அவர்களோடு சேர்ந்து நான் சிரித்ததில்லை. ஆனால் எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

செத்த வீட்டுக்கு நரைத்த தலையோடு ஒருவர் மலர்வளையம் கொண்டுவந்தார். ஸ்டெல்லா அக்காவின் முன்னால் நின்று, "ஹட்டன்ல இருந்து வாறேங்க. அன்னைக்கு அவருகிட்ட ட்ரோ கேட்டது நாந்தான்" என்றார். கேலி செய்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

எனக்கு யாரிடமும் சட்டென்று பேச வராது. அன்று கேட்டுவிட்டேன். "ஏன் கேட்டீங்க?"

"பயந்தாங்க. குதிரைய அவரு எடுத்து வச்ச வெதத்தப் பாத்தே தோத்துருவேன்னு நெனச்சேன். ரெண்டாவது எடமாச்சும் கெடைக்கட்டுமேன்னு கேட்டேன். வேற ஒண்ணும் இல்ல."

இந்த ஒரு பதிலுக்காகத்தான் சார் ஆயுள் முழுக்க அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது உண்மையாக இருக்கலாம். செத்த வீட்டில் ஒரு மனிதர் சொல்லும் நல்ல வார்த்தையாகவும் இருக்கலாம். எனக்குச் சதுரங்கம் தெரியாது. சாருடைய கேள்வி மட்டும் என்னிடம் தங்கிவிட்டது.

வந்தவர் படியிறங்கியதும் ஸ்டெல்லா அக்கா என் கையைப் பிடித்தார். "நம்புறீங்களா மிஸ்?"

"இத்தன வருசம் சொல்லாதத இப்ப எதுக்குச் சொல்றாருன்னு பாக்கணும்க்கா."

அக்கா சவப்பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். அழுதுகொண்டே சிரித்தார். "கேட்டீங்களாங்க?" என்று அவரிடம் சொன்னார். "உங்கள மாதிரியே பேசுறாங்க."