அச்சாகாத புத்தகம் தீர்ந்துபோன கதை

“அச்சுக்கே போவாத புக்கு எப்புடி தம்பி தீந்துபோவும்?”

போன வருஷம் ஜூலையில், நெய்வேலி புத்தகக் கண்காட்சியில், ஒரு காமிக்ஸ் கடை முன்னால் செங்குட்டுவன் அண்ணன் என்னிடம் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோல்தான் கேட்டார். கையிலிருந்த விலைப்பட்டியலை மடித்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன். பதில் எனக்குத் தெரியும். அதை இப்போது எழுதுகிறேன்.

என் பெயர் அஸ்வின். அப்பா சுரங்கத்தில் பெர்மனென்ட். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்காக இங்கே வந்தவர். நான் பிறந்தது முதல் பதினெட்டாம் பிளாக் குவார்ட்டர்ஸில் இருக்கிறோம். பிளஸ் டூ முடித்துவிட்டு அப்ரண்டிஸுக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கிறேன். இந்தக் கதையில் என்னைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும்.

செங்குட்டுவன் அண்ணனுக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும். சொந்த ஊர் கம்மாபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. மனைவி சங்கீதாவோடு மந்தாரக்குப்பத்தில் வாடகைக்கு இருந்தார். கன்வேயர் பெல்ட்டில் போகும் கரி வழியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே சிந்தும். அதை மண்வெட்டியால் அள்ளி மறுபடி பெல்ட்டில் போடுவதுதான் அவர் வேலை. அவர் குடும்பத்து நிலம் பல வருஷங்களுக்கு முன்பே சுரங்கத்துக்குப் போய்விட்டது. “நான் இன்னும் எங்க வயல்லதான் வேல செய்யறேன் தம்பி, என்னா, நூறு அடி கீழ எறங்கிட்டேன்” என்பார். சொல்லிவிட்டு அவரே முதலில் சிரிப்பார்.

அவர் காமிக்ஸ் படிப்பதைப் போல வேறு யாரும் படித்து நான் பார்த்ததில்லை. ஒரு புத்தகத்தை மூன்று நாள் படிப்பார். முதல் நாள் படங்களை மட்டும் பார்ப்பார். ஒரு எழுத்தைக்கூடப் படிக்க மாட்டார். இரண்டாம் நாள் வசனம். மூன்றாம் நாள் ‘தடால்’, ‘சர்ர்ர்’ என்று பெரிதாக எழுதியிருக்கும் சத்தங்களை மட்டும் வாய்விட்டுப் படித்துப் பார்ப்பார். அந்த மூன்றாம் நாள் எதற்கு என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. புத்தகத்தைத் திருப்பித் தரும்போது பால் கவரைக் கழுவிக் காயவைத்து அதில் சுற்றித் தருவார். அவர் கை நகங்களில் கரித்தூள் ஏறியிருக்கும். ஆனால் எந்தப் பக்கத்திலும் ஒரு விரல் தடம் இருக்காது.

நாங்கள் நான்கு பேர் சேர்ந்து காமிக்ஸ் வாங்கினோம். ஆரம்பித்தவர் சிங்காரவேல் மாமா, ஓய்வு பெற்ற கிளார்க். அப்புறம் காயத்ரி அக்கா, பள்ளிக்கூட ஆசிரியை. மூன்றாவது செங்குட்டுவன் அண்ணன். பிளஸ் ஒன் படிக்கும்போது நான் நான்காவதாகச் சேர்ந்தேன். ஒவ்வொரு மாத ஆரம்பத்திலும் பதிப்பகத்திலிருந்து புது வெளியீடுகளின் பட்டியல் போனுக்கு வரும். நான்கு புத்தகங்கள், நான்கு அட்டைகள், ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டு மாதிரிப் பக்கங்கள். எங்களால் இரண்டுதான் வாங்க முடியும். எந்த இரண்டு என்பதில் முன்னெல்லாம் சண்டை வருமாம். அதனால் மாமா ஒரு முறை கொண்டுவந்தார். மாதம் ஒருவருக்கு ‘சாய்ஸ்’. அந்த மாதம் அவர் சொல்வதுதான் முடிவு. அவர் சொல்லி முடிக்கும்வரை மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. வாங்கிய புத்தகத்தை முதலில் படிப்பதும் அவரே. படித்து முடித்ததும் முதல் பக்கத்தின் மேல்மூலையில் பெயரையும் அன்று என்ன ஷிஃப்ட் என்பதையும் எழுத வேண்டும். ஷிஃப்ட் இல்லாத காயத்ரி அக்கா ‘ஜென்ரல்’ என்று எழுதுவார். நான் ‘ஸ்கூல்’ என்று எழுதுவேன்.

ஆக, ஒருவருக்கு நான்கு மாதத்துக்கு ஒருமுறைதான் சாய்ஸ் வரும்.

ஆர்டர் போடுவது என் வேலை. பார்சலும் எங்கள் குவார்ட்டர்ஸுக்குத்தான் வரும். செங்குட்டுவன் அண்ணன் பழைய டிவிஎஸ் வண்டியில் வந்து கேட்டுக்கு வெளியே நின்று ஹாரனை ஒருமுறை லேசாக அடிப்பார். நான் புத்தகத்தை கேட்டுக்கு மேலாக நீட்டுவேன். இரண்டு வருஷம் இப்படித்தான் நடந்தது. உள்ளே வாங்க என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. மாமா வந்தால் உள்ளே வந்து காபி குடிப்பார். இந்த வித்தியாசம் இதை எழுத உட்காரும்வரை என் கண்ணில் படவே இல்லை.

அந்த வருஷம் ‘பனிக்கணவாய்த் தபால்’ என்று மூன்று பாகக் கதை ஒன்று வந்துகொண்டிருந்தது. ஒரு தபால்காரன் ஒரே ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு கோவேறு கழுதையோடு பனிமலையைக் கடக்கிறான். முதல் பாகம் காயத்ரி அக்கா சாய்ஸ். இரண்டாம் பாகம் மாமா சாய்ஸ். இரண்டாம் பாகத்தின் கடைசிப் படத்தில் அவன் உச்சியில் நின்று கீழே ஊரைப் பார்க்கிறான். எந்த வீட்டிலும் புகை இல்லை. அதோடு ‘தொடரும்’.

செங்குட்டுவன் அண்ணன் இந்தக் கதையைச் சாப்பாட்டு நேரத்தில் கன்வேயர் ஓரத்து ஷெட்டில் கூட வேலை செய்யும் எட்டுப் பேருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் சத்தம் படித்துப் பழகியது இதற்காகத்தான். பனி சரிவதை வாயாலேயே செய்து காட்டுவாராம். அவர் கூட்டாளி கொளஞ்சிநாதன் என்பவர், புகை இல்லாத ஊரில் என்ன ஆயிற்று என்று தினமும் கேட்டு உயிரை எடுப்பதாக அண்ணன் சொல்லிச் சிரித்தார். மூன்றாம் பாகம் மே மாதப் பட்டியலில் வந்தது. மே மாதம் அவருடைய சாய்ஸ். பட்டியல் வந்த அன்றே போன் செய்து சொல்லிவிட்டார். பனிக்கணவாய் மூன்றாம் பாகம் ஒன்று, ஒரு சிரிப்புக் கதை ஒன்று.

நான் வேறொன்றைப் பார்த்து வைத்திருந்தேன். ‘நீலக்கண்ணாடி மனிதன்’. கெட்டி அட்டை, முழு வண்ணம், துப்பறியும் கதை. மாதிரிப் பக்கங்கள் இரண்டையும் போனில் எத்தனை தடவை பெரிதாக்கிப் பார்த்தேன் என்று கணக்கில்லை. பரீட்சை முடிந்துவிட்டது. ரிசல்ட் வரவில்லை. செய்வதற்கு ஒன்றும் இல்லை. இருந்த ஆசையெல்லாம் அந்த ஒரு புத்தகத்தின்மேல் போய் உட்கார்ந்துகொண்டது. அடுத்த சாய்ஸ் என்னுடையதுதான். ஆனால் ஜூனில் இது கிடைக்காது. இங்கே காமிக்ஸ் அச்சாகிற விதம் அப்படி. முன்பதிவு எவ்வளவு வருகிறதோ, கிட்டத்தட்ட அவ்வளவுதான் அடிப்பார்கள். மாதம் இருபதாம் தேதி பதிவு முடியும். அதற்குப் பிறகுதான் அச்சு.

பத்தாம் தேதி சாயங்காலம் ஆர்டர் போட்டேன். பனிக்கணவாய் இருந்த இடத்தில் நீலக்கண்ணாடியைப் போட்டேன்.

அப்போது மனதில் ஓடிய வார்த்தைகள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. மற்ற எதையும்விட அவைதான் என்னைக் கூசச் செய்கின்றன. ‘அவருக்கு எதுவா இருந்தா என்ன, ஏதோ பொழுதுபோகப் படிக்கிறார்.’ இதே வேலையை மாமாவின் சாய்ஸிலோ அக்காவின் சாய்ஸிலோ செய்திருப்பேனா? மாட்டேன். பயம் இருந்திருக்கும்.

மூன்றாம் பாகம் ஸ்டாக் இல்லையாம், தீர்ந்துவிட்டதாம், அதனால் அதற்குப் பதில் வேறு போட்டேன் என்று மூன்று பேருக்கும் சொன்னேன். அக்கா பயிற்சி வகுப்புக்குச் சென்னை போயிருந்தார். மாமா நான் என்ன சொன்னாலும் நம்புவார். செங்குட்டுவன் அண்ணன் போனில், “பரவால்ல தம்பி, அதுக்கு நீ என்னா பண்ணுவ” என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

ஜூனில் பார்சல் வந்தது. சாய்ஸ் அவருடையது, முதலில் அவர்தான் படிக்க வேண்டும். நான் கவரை மெல்லப் பிரித்து நீலக்கண்ணாடியைப் படித்துவிட்டு மறுபடி ஒட்டினேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

புத்தகத்தைத் திருப்பித் தர வந்தபோது, எப்படியிருந்தது என்று கேட்டேன்.

“நல்லாதான் இருக்குது. ஆனா அந்த ஆளுக்காவ யாரும் காத்துகினு இல்லியே தம்பி.”

ஷெட்டில் இருப்பவர்களிடம் என்ன சொன்னீர்கள் என்றேன்.

“என்னா சொல்றது, எட்டு பேரும் சாப்பாட்டு டப்பாவ மூடாம உக்காந்துகினு இருக்கானுங்க. நானே முடிச்சிட்டேன்.”

கேட்டுக்கு வெளியே வண்டியில் உட்கார்ந்தபடியே அவர் முடிவைச் சொன்னார். தபால்காரன் இறங்கிப் போகிறான். ஊரே காலி. ஊருக்கு அடியில் வெள்ளி இருக்கிறது என்று எல்லோரையும் கிளப்பிவிட்டார்கள். ஆளுக்கு ஒரு திசையில் போய்விட்டார்கள். கடிதத்தை வாங்க வேண்டியவளைத் தேடி அவன் ஊர் ஊராகப் போகிறான்.

“கெடைச்சாங்களா?”

“கெடைச்சா. நல்லா திட்டுனா, இம்மா நாள் கழிச்சி கொண்டாரியேன்னு. திட்டிட்டு, அப்பறம் ஒரு சொம்பு தண்ணி குடுத்தா. அவ்ளோதான் கத.”

நான் சிரித்துவிட்டேன். காமிக்ஸில் அப்படியெல்லாம் முடிக்க மாட்டார்கள் அண்ணே என்றேன். “அப்புடியா” என்று வண்டியைக் கிளப்பினார்.

ஜூலையில் கண்காட்சிக்கு என்னைக் கூப்பிட்டதும் அவர்தான். கடைகளில் மிச்சப் பிரதி ஒன்றாவது இருக்கும், நம் நான்கு பேருக்கும் ஆகும் என்றார். நான் ஏதேதோ சாக்குச் சொன்னேன். அவர் விடவில்லை. காமிக்ஸ் கடையில் மூன்றாம் பாகம் இல்லை. முன்பதிவுக்கே சரியாகிவிட்டது, மே மாதமே பதிந்திருக்கலாமே என்றார் கடைக்காரர்.

“பதியாம என்னாங்க. மே பத்தாந்தேதியே கேட்டம். தீந்துபூடுச்சின்னுட்டாங்க.”

கடைக்காரர் சிரித்தார். “பத்தாம் தேதியா? அப்ப பதிவே முடியலையே சார். புக்கு அச்சுக்கே போகல.”

அப்போதுதான் அண்ணன் என் பக்கம் திரும்பி அந்தக் கேள்வியைக் கேட்டார். வருஷக்கணக்கில் காமிக்ஸ் வாங்குகிறவன் நான். அச்சாவதற்கு முன் தீர்ந்துபோகிற புத்தகம் கிடையாது என்று தெரிந்தவன். பொய் சொல்லும்போது அதைக்கூட யோசிக்கவில்லை. யோசிக்கத் தேவையில்லாத ஆள் என்று அவரை நினைத்திருக்கிறேன்.

விலைப்பட்டியல் என் கையில் கசங்கிக்கொண்டிருந்தது. “சரி தம்பி, எனக்கு செகண்ட் ஷிஃப்ட்டு, டயமாச்சு” என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டார். ஒரு திட்டுக்கூட இல்லை.

அந்த மாதப் பார்சலுக்கு அவர் வரவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. அவரிடமிருந்த கடைசிப் புத்தகம் ஒருநாள் காலை எங்கள் கேட்டுக் கம்பியில், பால் கவரில் சுற்றித் தொங்கியது. முதல் பக்கத்தில் வழக்கம்போலப் பெயரும் ஷிஃப்ட்டும் எழுதியிருந்தார்.

மாமாவிடமும் அக்காவிடமும் நடந்ததைச் சொன்னேன். மாமா தலையைக் குனிந்துகொண்டார். அக்கா மட்டும், “எங்ககிட்ட வந்து சொல்ற. அவர்கிட்ட சொன்னியா?” என்று கேட்டார்.

சொல்லவில்லை. இன்றைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று மூன்று மாதம் கடத்தினேன். கடைசியில் அக்டோபரில் மந்தாரக்குப்பம் போனபோது அந்த வீடு பூட்டியிருந்தது. கான்ட்ராக்ட் மாறிவிட்டதாம். புது கான்ட்ராக்டர் பழையவர்களில் பாதிப் பேரை எடுக்கவில்லையாம். வீட்டுக்கார அம்மா தனபாக்கியம், அவர்கள் காலி செய்து இருபது நாள் ஆகிறது, ஏதோ சிமெண்ட் ஃபேக்டரிப் பக்கம் போவதாகச் சொன்னார்கள், ஊர் பெயர் தெரியாது என்றார். பழைய நம்பர் இப்போது உபயோகத்தில் இல்லை.

கொளஞ்சிநாதனைத் தேடிப் பிடித்தேன். அவருக்கும் புது நம்பர் தெரியவில்லை. நான் யார் என்று சொன்னதும், “நீதானா அந்த புக்கு வாங்கிக் குடுக்கிற தம்பி? ஒன்னப் பத்தி ஒசத்தியா சொல்லிகினு இருப்பானே” என்றார். என் பொய்யைச் செங்குட்டுவன் அண்ணன் யாரிடமும் சொல்லவே இல்லை. தபால்காரன் கதையின் முடிவைக் கொளஞ்சிநாதன் எனக்கு முழுசாகச் சொன்னார். சொம்புத் தண்ணீர் வந்தது. அதுதான் புத்தகத்தில் இருக்கும் முடிவு என்று அவர் நம்புகிறார். நான் திருத்தவில்லை.

இப்போது மூன்றாம் பாகம் என்னிடம் இருக்கிறது. காடாம்புலியூரில் ஒரு வாசகரிடம் நீலக்கண்ணாடியைக் கொடுத்து அதை மாற்றி வாங்கினேன். பால் கவரில் சுற்றி வைத்திருக்கிறேன். நான் இன்னும் திறக்கவில்லை. இதை நல்ல குணம் என்று நினைக்க வேண்டாம், இரண்டு தடவை திறக்கப் பார்த்தேன், முடியவில்லை. சாய்ஸ் அவருடையது. முதல் பக்கத்தின் மேல்மூலையில் நாங்கள் யாரும் பெயர் எழுதவில்லை. முதல் பெயர் அவருடையதாக இருக்க வேண்டும்.

இதைப் படிக்கிறவர்கள் எனக்கு ஓர் உதவி செய்யுங்கள். சிமெண்ட் ஃபேக்டரிகள் இருக்கும் அரியலூர்ப் பக்கமோ வேறு எங்கோ, பெல்ட் ஓடுகிற இடத்தில் வேலை செய்கிற யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர்களுக்கு இதை அனுப்புங்கள். அவர்கள் இன்னும் பத்துப் பேருக்கு அனுப்பட்டும். சாப்பாட்டு நேரத்தில் டப்பாவை மூடிவைத்துவிட்டு, பனி சரிகிற சத்தத்தை வாயாலேயே போட்டுக் கதை சொல்கிற ஒருவர் அங்கே இருந்தால், அவரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். புத்தகம் தீரவில்லை, நான்தான் மாற்றினேன் என்று சொல்லுங்கள். நான் எங்கே வேண்டுமானாலும் கொண்டுவந்து தருகிறேன். திட்டினாலும் கேட்டுக்கொள்கிறேன்.