விரதம் என்று சொன்னேன்

காலை பத்தே முக்கால். அந்த வாரம் எங்கள் பக்கத்து மோட்டார்களுக்குக் கரண்ட் அந்த நேரத்துக்குத்தான் வரும். கிணற்று மோட்டார் அப்போதுதான் ஓடத் தொடங்கியிருந்தது. தண்ணீர்ச் செம்போடு வரப்பில் போன என் கண்ணில் முதலில் பட்டது சித்தப்பாவின் முதுகு. வாய்க்காலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். முதுகில் மாட்டியிருந்த ஸ்பிரேயர் டின்னைக்கூடக் கழற்றவில்லை. டின்னின் அடியிலிருந்து ஒழுகிய பூச்சி மருந்து, சட்டையையும் வேட்டியையும் பால் நிறத்தில் நனைத்திருந்தது.

"கண்ணு மங்கலா கீதும்மா. அண்ணனைக் கூப்டு" என்றார். பேசும்போது எச்சில் நூலாக இறங்கியது.

எனக்கு ஒன்பது வயது. எங்கள் ஊர் உத்திரமேரூரிலிருந்து மூன்று மைல். சித்தப்பா அப்பாவின் கடைசித் தம்பி. ஐப்பசியில் அவருக்குக் கல்யாணம், பெண் திருமுக்கூடல். அன்று புரட்டாசிச் சனிக்கிழமை. பெருமாளுக்குப் படைத்து இலை போடும் வரை வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை. வெறும் வயிற்றோடு வயலுக்குக் கிளம்பிய சித்தப்பாவை அம்மா வாசலில் நிறுத்திக் கிண்டல் செய்திருந்தாள்.

"மாப்ள, வெயில்ல நின்னு இன்னும் கருத்துடாத. பொண்ணு வூட்டுக்காரங்க ஆள் அடையாளம் தெரியாம திரும்பிடப் போறாங்க."

"அவங்க மட்டும் இன்னா அண்ணி, வெள்ளக்காரங்களா? ஆத்து மணல்ல காயறவங்கதானே" என்று சிரித்துக்கொண்டே போனவர் அவர்.

அப்பா ஓடிவந்து சித்தப்பாவை மோட்டார்த் தொட்டிக்குத் தூக்கிப்போனார். உடம்பெல்லாம் சீயக்காய் தேய்த்து, வாடை போகும் வரை தண்ணீர் ஊற்றி, சலவைச் சட்டை போட்டுவிட்டார். வண்டி பூட்டும்போது, எங்கே போவது என்ற பேச்சு வந்தது.

"நேரா செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கே போயிடலாம்" என்றாள் அம்மா.

"மருந்துன்னா அங்க போலீசுக்கு எழுதி அனுப்புவாங்க. அவன் வந்து குடிச்சானா, ஏன் குடிச்சான்னு கேட்டுக்கினு நிப்பான். பொண்ணு புடிக்காம குடிச்சிட்டான்னு திருமுக்கூடல் வரைக்கும் போயிடும்."

"குடிக்கலையே. அடிக்கத்தானே செஞ்சாரு?"

"அது ஒனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியுமா?"

இரண்டு வருடத்துக்கு முன்னால், பின் தெருவில் ஒரு பெண் மருந்து குடித்துப் பிழைத்துக்கொண்டாள். போலீஸ் வந்து விசாரித்த மறுவாரம் அவள் தங்கையின் நிச்சயம் நின்றுபோனது. அப்பா அதைத்தான் நினைத்திருக்க வேண்டும். வண்டி உத்திரமேரூர் பஜாரில் இருந்த கிளினிக்குக்குக் கிளம்பியது.

சித்தப்பாவுக்குக் குடை பிடிக்க அம்மாவோடு என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். வழியில் அப்பா சொல்லிக்கொடுத்தார்: "யாரு கேட்டாலும் விரதம், வெறும் வயித்துல வெயில்ல நின்னாரு. அவ்ளோதான்." அதில் பொய் எதுவும் இல்லை. ஒன்றை மட்டும் விட்டுவிட்டோம். பள்ளிக்கூடத்து மனப்பாடப் பகுதியைப் போல நான் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

டாக்டர் சனிக்கிழமைகளில் சொந்த ஊருக்குப் போய்விடுவார். கம்பவுண்டர்தான் இருந்தார். சித்தப்பாவின் இமையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தார்.

"கண்மணி கடுகாட்டம் சுருங்கிக் கீதே. வயல்ல மருந்து கிருந்து அடிச்சாரா?"

"இல்லீங்க" என்றார் அப்பா.

கம்பவுண்டர் நம்பவில்லை. குனிந்து என் முகத்தைப் பார்த்தார். "நீ சொல்லு கண்ணு. மருந்துன்னா இங்க வெச்சிக்கினு இருக்கக் கூடாது. அதுக்குண்டான ஊசி எங்கிட்ட இல்ல. பெரிய ஆஸ்பத்திரிலதான் கீது."

நான் தடுமாறாமல் சொன்னேன். "மருந்தெல்லாம் இல்ல. விரதம். வெறும் வயித்துல வெயில்ல நின்னாரு." அவர் பார்வை என் மேலிருந்து நகராததால், யாரும் சொல்லிக்கொடுக்காத ஒன்றையும் சேர்த்தேன். "போன சனிக்கிழமையும் இப்படித்தான் மயக்கம் வந்துச்சு."

கம்பவுண்டர் நிமிர்ந்தார். குளுக்கோஸ் பாட்டிலை எடுத்துவரப் போனார். அப்பா என் தலையில் கைவைத்தார். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பாட்டிலில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கியது. சித்தப்பாவுக்குச் சலவைச் சட்டை முழுதும் நனையும்படி வேர்த்தது. ஒரு தடவை கண் திறந்து என்னைப் பார்த்தார். அவர் கன்னத்துச் சதையும் இமையும் தாமாகத் துடித்தன. வீட்டில் அவர் எனக்கு அப்படி முகத்தைக் கோணிக் காட்டுவது வழக்கம். அதுதான் என்று நினைத்து நான் சிரித்தேன்.

இரண்டாவது பாட்டில் பாதி இறங்கியபோது அவருடைய மூச்சு களகளவென்று சத்தம் போட்டது. அம்மா எழுந்து நேராகக் கம்பவுண்டரிடம் போனாள்.

"மருந்துதாங்க. காலைலேர்ந்து அடிச்சிக்கினு இருந்தாரு. டின் ஒழுகிக் கீது."

கம்பவுண்டர் யாரையும் திட்டவில்லை. ஊசியைப் பிடுங்கிவிட்டு ரோட்டுக்கு ஓடி, நெல் மூட்டை ஏற்றிவந்த லாரியைக் கையைக் காட்டி நிறுத்தினார். அப்பாவும் அவரும் சித்தப்பாவைத் தூக்கி மூட்டைகளின் மேல் படுக்கவைத்தார்கள். அப்பா மட்டும் கூடப் போனார். அம்மாவும் நானும் வண்டியில் ஊர் திரும்பினோம். வீட்டில் படையல் இலை அப்படியே இருந்தது.

பாலாற்றுப் பாலம் வருவதற்குள் உயிர் போய்விட்டது என்று அப்பா பிற்பாடு சொன்னார். பெரிய ஆஸ்பத்திரியில் கேட்டது ஒரே கேள்விதான்: எத்தனை மணிக்கு அடித்தார்? போலீஸ்காரரும் வந்திருக்கிறார். வயலில் மருந்து அடிக்கும்போது நேர்ந்தது என்று அப்பா சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். திருமுக்கூடலிலிருந்து பெண்ணின் அப்பா காரியத்துக்கு வந்து, கடைசி வரை இருந்துவிட்டுப் போனார்.

நான் பல நாள் அம்மாவிடம் பேசவில்லை. நான் சரியாகச் சொல்லியிருந்ததை அவள்தான் கெடுத்துவிட்டாள் என்று நினைத்தேன். கிளினிக் கட்டிலில் அசையாமல் படுத்திருந்தவரை லாரியில் ஏற்றிக் குலுக்கியதால்தான் இப்படி ஆயிற்று என்று என் தோழிகளிடம் சொன்னேன். அம்மா ஒருநாள் தலை பின்னிவிட வந்தபோது, அப்பாவிடம் போய் உட்கார்ந்துகொண்டேன். அவருக்குப் பின்னத் தெரியாது. ரிப்பனைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே இருந்தார். அது ஏன் என்றும் எனக்கு அப்போது விளங்கவில்லை.

கம்பவுண்டருக்கு நான் பதில் சொன்னபோது மணி பன்னிரண்டேகால். செங்கல்பட்டு போகும் பன்னிரண்டரை பஸ், கிளினிக்குக்கு எதிரே ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது.