பதினெட்டு கிளாம்ப் கூடிப்போன நாள்

"ரீவொர்க் சாமானை நல்ல சாமானோட கலந்துட்டீங்களாம்மா?" என்று முதலாளி கேட்டார்.

எண்பதுகளின் கடைசி. அரியமங்கலத்தில் ஒரு சின்னப் பட்டறை. செக்கிங்கில் ஓகே ஆன சாமானை எண்ணிப் பெட்டியில் அடுக்குவது என் வேலை. படிப்பு அஞ்சாம் கிளாஸ். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். யாரிடமும் அதிகம் பேச மாட்டேன்.

அன்று நான் அடுக்கியது குழாயைப் பிடித்து நிறுத்தும் கிளாம்ப், நூற்றிருபது. அந்த மாதம்தான் கம்ப்யூட்டர் வந்திருந்தது. ஒரு சாமானுக்கு ஒரு வரி. ஒரு கட்டத்தில் பெயர், பக்கத்துக் கட்டத்தில் ஓகே அல்லது ரீவொர்க், அதாவது திரும்பச் சரிசெய்ய வேண்டியது. பெயர் கிளாம்ப்பாகவும் இருந்து, பக்கத்தில் ஓகேயும் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்யம் என்று கணக்குப் பார்க்கும் பாலு சார் ஃபார்முலா போட்டுக் கூட்டினார். நூற்றிரண்டுதான் வந்தது.

"மிஷின் பொய் சொல்லாது சார்" என்றார் பாலு சார்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "அப்ப பதினெட்டு எப்படிக் கூடுச்சு? வாயத் தொறங்க, கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க? லாரி நிக்குது. தப்பு உங்களுதுன்னா நாளைலேர்ந்து வர வேணாம்."

பிரிண்ட் எடுத்த தாளை என் கையில் திணித்தார். இங்கிலீஷ் எனக்கு வராது. கிளாம்ப், ஓகே, ரீவொர்க், இந்த மூன்றும் பார்த்தால் தெரியும், அவ்வளவுதான். ஓகே எல்லாம் நூல் பிடித்தாற்போல் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. நடுவே சில மட்டும் வலப்பக்கம் கொஞ்சம் தள்ளியிருந்தன. கிளாம்ப் வரிகளில் அப்படி எத்தனை என்று விரல் வைத்து எண்ணினேன். பதினெட்டு.

"இதெல்லாம் தள்ளி நிக்குதுங்க" என்றேன்.

டைப் அடிக்கும் செல்வி எட்டிப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ, நான்தாங்க்கா! டைப்ரைட்டிங் ஹையர் கிளாஸ்ல கட்டம்னா நடுவுல அடிக்கணும்னு சொல்லிக் குடுத்தாங்க. அழகா இருக்கட்டுமேன்னு சிலதுக்கு முன்னாடி ஸ்பேஸ் தட்டினேன், அவசரத்துல மத்ததுக்கு விட்டுட்டேன்."

"அடப்பாவமே! மிஷினுக்கு ஸ்பேஸும் ஒரு எழுத்தும்மா" என்றார் பாலு சார். "அது வேற ஓகே, இது வேற ஓகே."

செல்வி ஸ்பேஸை எடுத்தாள். கூட்டல் நூற்றிருபது என்றது. முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டு, "லாரியை அனுப்புங்க" என்றார். பிறகு, "இனிமே பிரிண்ட்டை இந்தம்மாகிட்ட ஒரு தடவை காட்டுங்க" என்றார்.

கம்ப்யூட்டரில் வேலை செய்கிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். எண்ணிக்கை ஒத்து வராவிட்டால் முதலில் எழுத்தைப் பாருங்கள், பிறகு ஃபார்முலாவைப் பாருங்கள். ஆளைச் சந்தேகப்படுவது அதற்கெல்லாம் அப்புறம் இருக்கட்டும்.