பெட்டிக்குப் புதுச் சில்லு

சொல்லால் வெல்ல முடியாதது உலகில் எதுவுமில்லை என்று நான் உறுதியாக நம்பிய வயதில், ஓர் எதிர்வாதமும் பேசாமல் ஒரு வீட்டையே வென்ற பெண்ணொருத்தியைக் கண்டேன். அவர் என் சித்தி. அப்போது நான் தரம் ஐந்தில் படித்தேன். பாடசாலைப் பேச்சுப் போட்டியில் முதற்பரிசு வாங்கிய கையோடு, எதையும் மூன்று காரணங்களுடன் சொல்லும் நோய் என்னைப் பற்றியிருந்தது.

சித்தப்பா துறைமுகத்தில் பாரந்தூக்கிகளைப் பழுதுபார்த்தவர். ஏணியிலிருந்து விழுந்து முதுகில் அடிபட்டபின் நெடுநேரம் உட்கார முடியாதவரானார். முதலில் நடை குறைந்தது. பிறகு பேச்சும் குறைந்தது. முன்னறைக் கட்டிலில் கிடந்தபடி, கேட்டதற்கெல்லாம் ‘ஓம்’ அல்லது ‘வேண்டாம்’ என்று மட்டும் சொல்வார். மட்டக்களப்பில் இருந்த தம் அக்காவைப் பார்க்கப் போவோமா என்று கேட்ட போதெல்லாம் விடை ‘வேண்டாம்’ என்பதாகவே இருந்தது.

சித்தி அந்த விடையோடு வாதாடவில்லை. உப்புவெளியில் விடுதிக்காரர் ஒருவர் கைவிட்டிருந்த பயண ட்ரெயிலரை வாங்கினார். கட்டில், மின்விசிறி, கழிவறை எல்லாம் கொண்ட சிறு வீடு அது. வீட்டு வான் வண்டியின் பின்னால் கொழுவி இழுத்துச் செல்லலாம். சித்தப்பா வானில் சாய்ந்தபடி வருவார். முதுகு இறுகும்போது நிறுத்தி, அதற்குள் நீட்டி நிமிர்ந்து படுத்தெழும்பலாம். உழவு இயந்திரத்தின் பின்னால் இழுபடுவதை எங்கள் பக்கத்தில் பெட்டி என்போம். ஆகவே, இதுவும் சித்தியின் பெட்டி ஆயிற்று. பெட்டியைக் கண்ட சித்தப்பா முதன்முறையாக, “சரி, போவம்” என்றார்.

பெட்டியின் பழைய டயர்கள் வெடித்துக் கிடந்தன. அத்தனை பாரத்தைச் சுமக்கும் தகுதியும் அவற்றுக்கு இல்லை. சித்தி கூடிய பாரம் தாங்கும் டயர்களை, அவற்றுக்கேற்ற பெரிய இரும்புச் சக்கரங்களான சில்லுகளோடு வாங்கினார். பயணத்துக்கு முதல்நாள் மாலை, கடைப் பையன்கள் வந்து பூட்டிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் காலை, அம்மாவின் மூத்த அக்காவின் கணவரான பெரியப்பா, கலண்டரில் அன்றைய தாளைக் கிழித்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு வந்துவிட்டார். நல்ல நேரத்தின் காவலர் அவர். முற்றத்துத் தட்டத்தில் சில்லுக்கடியில் வைக்கத் தேசிக்காய்கள் காத்திருந்தன. வெற்றிலையை மட்டும், எங்கள் திருகோணமலை ஒழுங்கைக்குள் வழமைபோல் உலாவந்த புள்ளிமான் ஒன்று தின்றுவிட்டிருந்தது. எல்லோரும் வெளிக்கிட்டு நின்றபோது, சித்தி மணிக்கட்டில் கரிய கிறீஸ் படிந்திருக்க, சித்தப்பாவின் கட்டிலருகே போய் நின்றார்.

“இஞ்சேருங்கோ, சில்லுப் புதுசு. எனக்கு மனம் ஆறுதில்லை. என்னென்ன பாக்கவேணும் எண்டு சொல்லுங்கோவன்.”

சித்தப்பா கூரையைப் பார்த்தபடி கிடந்தார். பிறகு, “ஓட்டை எத்தினை?” என்றார்.

“அஞ்சு. பழசிலயும் அஞ்சு.”

“ஓட்டைக்கு ஓட்டை இடைவெளி?”

“அளந்தனான். ரெண்டும் ஒண்டுதான்.”

“டயர் பாரம் தாங்கினால் காணாது, சில்லும் தாங்கவேணும். எவ்வளவு தாங்கும் எண்டு சில்லில அடிச்சிருக்கும், போய்ப் பாரும்.”

சித்தி போய்ப் பார்த்துவிட்டு வந்தார். “காணும், எங்கட பாரத்துக்குப் போதும்.”

“மட்கார்டுக்கும் டயருக்கும் இடையில விரல் போகுதே?”

“மூண்டு விரல் தாராளமாப் போகுது.”

“அப்ப நடு ஓட்டை?”

“நடு ஓட்டையில என்ன இருக்கு?” என்றார் சித்தி.

சித்தப்பா ஒரு முழங்கையை ஊன்றி எழும்பினார். “என்ன இருக்கோ? சில்லு மாட்டுற இடத்தில நடுவில ஒரு குமிழ் நிக்குதெல்லே. ஓட்டை அதைவிடச் சின்னன் எண்டால் சில்லு முட்டிக்கொண்டு நிக்கும். நட்டு இறுகின மாதிரித்தான் இருக்கும்; ஓட ஓடக் கழண்டுபோம். ஒரு தாளை இடையில விட்டுப் பாரும்.”

கைக்கெட்டிய தாள் பெரியப்பாவின் சட்டைப்பையில்தான் இருந்தது. சித்தி அதை உருவிக்கொண்டு போய்ப் பெட்டிக்கடியில் படுத்தார். நான் டோர்ச் பிடித்தேன். சில்லுக்கும் அது ஒட்டி உட்கார வேண்டிய இரும்புக்கும் நடுவே, கலண்டர்த் தாள் தடையின்றி நுழைந்தது.

“பிள்ளை, அது நல்ல நேரம் போட்டிருக்கிற தாள்!” என்று பதறினார் பெரியப்பா.

“அதுதான் இவ்வளவு லேசாப் போகுது, அத்தான்.”

சிரிப்பு அடங்கியதும் பெரியப்பாவின் முகம் இறுகியது. சில்லு மாற்றும்வரை நல்ல நேரம் காத்திருக்காது. அன்றைக்கு வேறு நேரமும் இல்லை. “அப்ப இன்னொரு நாளைக்குப் பாப்பம்” என்றார். அம்மா என் காதருகில், “இண்டைக்கு நிண்டால் இந்த மனிசன் இனி ஒருநாளும் வெளிக்கிடமாட்டார்” என்றார். சித்தப்பாவின் கண்களும் மெல்லக் கூரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தன.

சபை கலங்கிய அந்தத் தருணத்தில் நான் எழுந்தேன். உடனே புறப்பட வேண்டும் என்பதற்கான முதற்காரணத்தைக் கைகளை விரித்து விளக்கி, இரண்டாவதற்குள் நுழைந்தபோது சித்தி சொன்னார்: “நல்லாக் கதைக்கிறாய், குஞ்சு. கதைச்சு முடிய அந்தத் தேசிக்காயைச் சில்லுக்குக் கீழ வை.”

குறித்த நேரத்தில் புறப்பட முடியாதவர்கள், அந்த நேரத்தில் தம் பயணப்பையை அயல்வீட்டில் கொண்டுபோய் வைப்பது எங்கள் வழக்கம். பை வாசல் தாண்டினால் பயணம் தொடங்கியதாகவே கணக்கு. பெரியப்பாவே பலமுறை அப்படி எங்கள் வீட்டில் பை வைத்தவர்.

“பெட்டியும் பை மாதிரித்தானே, அத்தான்? பக்கத்து வீட்டு நானாவின்ர வளவுக்குள்ள தள்ளி விடுவமே?” என்றார் சித்தி.

பெரியப்பா சற்று யோசித்தார். தம் சாத்திரத்திலேயே தமக்குக் கிடைத்த மறுமொழி அது. “அதில பிழையில்லை” என்றார். நாங்கள் நானா என்று அழைக்கும் அந்த முஸ்லிம் அண்ணர் படலையை அகலத் திறந்துவிட்டு, “வாங்க வாங்க, மட்டக்களப்பு இஞ்சதான் துவங்குது!” என்று கூவினார். நாங்கள் எல்லோரும் சேர்ந்து தள்ளினோம். தேசிக்காய்கள் நசுங்கின. நல்ல நேரம் காப்பாற்றப்பட்டது. கழலக்கூடிய சில்லு தெருவில் ஓடவும் இல்லை.

வேறு சில்லுகள் நானாவின் ஓட்டோவில் வந்து இறங்கியபோது, கட்டிலிலிருந்து ஒரு குரல் கேட்டது. “என்னையும் அங்க கொண்டுபோங்கோ. இவங்கள் ஒழுங்காப் பூட்டமாட்டாங்கள்.” நானாவின் முற்றத்தில் கதிரை போட்டுச் சித்தப்பாவை இருத்தினார்கள். “ஒரு பக்கமா இறுக்காதேங்கோ நானா! எதிரெதிரா, எதிரெதிரா!” என்று அவர் அதட்டினார். மாதக்கணக்கில் சேர்ந்துகிடந்த பேச்சு முழுவதும் அந்த முற்றத்தில் கொட்டியது. கலண்டர்த் தாளைத் தம் கையாலேயே வாங்கிக் குனிந்து, இடைவெளியில் நுழைக்கப் பார்த்தார். அது நுழையவில்லை.

கிண்ணியாப் பாலம் கடந்ததும் நிறுத்தி, நட்டுகளை மறுபடி இறுக்கச் சொன்னார். தோப்பூரில் படுத்தெழும்பினார். கிளிவெட்டி தாண்டியபோது, சாலையை ஏன் இப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று யாரையோ ஏசிக்கொண்டு வந்தார். மாலையில் அவருடைய அக்கா ஓடிவந்து வான் கதவைத் திறந்தபோது, அவர் முதலில் சொன்னது, “அக்கா, முதல்ல சில்லைப் பார்” என்பதுதான்.

அன்றைக்கு எனக்கு விளங்காதது ஒன்றுண்டு. சித்தியோடு டயர்க் கடைக்கு நானும் போயிருந்தேன். ஓட்டோ நிற்குமுன்பே, நடு ஓட்டை பெரிதாயிருந்த இரண்டு சில்லுகள், டயர் போட்டு, காற்றடித்து, வாசற்படியில் தயாராய்ச் சாய்ந்து நின்றன. கடைக்காரர் அளவு கேட்கவில்லை. “விடியவே எடுத்து வைச்சிட்டன், தங்கச்சி” என்று மட்டும் சொன்னார். சித்தி, பேசாமல் இரு என்பதுபோல் என் தோளை அழுத்தினார். திருகோணமலையில் இத்தனை சுறுசுறுப்பான கடைக்காரர் வேறெவரும் இல்லை என்று, திரும்பும் வழியெல்லாம் நான் நானாவிடம் மூன்று காரணங்களோடு நிறுவிக்கொண்டு வந்தேன்.